ஷோகேஸ் யாஷிகாவும் காலி செய்யப்போகும் குவார்ட்டர்ஸும்

கல்யாணத்துக்கு முன்னால் ஜோடிகளை வைத்து 'ப்ரீ வெட்டிங்' படம் எடுக்கிறவர்கள் சிலர் இப்போதெல்லாம் ஒரு பழைய இரட்டை லென்ஸ் கேமராவையும் கூடவே தூக்கிக்கொண்டு வருகிறார்கள். படம் எடுப்பதற்கு அல்ல, மணப்பெண் கையில் கொடுப்பதற்கு. அவர் அதைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துச் சிரிக்க வேண்டும். அது கண்ணுக்கு நேரே பிடிக்கிற கேமராவே இல்லை, வயிற்றுக்கு நேரே பிடித்துக் குனிந்து பார்க்கிற கேமரா. அது அந்தப் பெண்ணுக்கும் தெரியாது, பல சமயம் கொடுத்தவருக்கும் தெரியாது. உள்ளே ஃபிலிம் கிடையாது. லென்ஸில் பூஞ்சை பிடித்திருக்கும். பூச்சட்டி மாதிரி அதுவும் ஒரு அலங்காரச் சாமான்.

இதே கேமரா நெய்வேலி டவுன்ஷிப்பில் எத்தனையோ வீட்டு ஷோகேஸ்களிலும் பீரோக்களிலும் தோல் உறைக்குள் தூங்கிக்கொண்டிருக்கிறது. அப்பாவோ தாத்தாவோ வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆசைப்பட்டு வாங்கியதாக இருக்கும். யாஷிகா மேட் 124ஜி ஆக இருக்கலாம், அதற்கு முந்தைய யாஷிகாவாக இருக்கலாம், கொடுத்துவைத்த வீடென்றால் ரோலிஃபிளக்ஸ். இதை வெளியே எடுத்துத் துடைத்து, ஒரு ரோல் ஃபிலிம் போட்டு, குவார்ட்டர்ஸைக் காலி செய்வதற்குள் ஒரு தடவையாவது பயன்படுத்திவிட வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கட்சி.

ஏன் குவார்ட்டர்ஸ்? வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. டவுன்ஷிப்புக்குள் குடியிருப்பவருக்கு அந்த வீடு சொந்தமில்லை. 1956ல் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் தொடங்கி, 1957 மே 20ம் தேதி நேரு வந்து சுரங்க வேலையைத் துவக்கி வைத்து, அதன் பிறகு வட்டம் வட்டமாகக் கட்டப்பட்ட ஊர் இது. வீடு நிறுவனத்துடையது. வேலை இருக்கும்வரை வீடு. ரிட்டயர் ஆனால் சாவியைக் கொடுத்துவிட்டு வடலூர், மந்தாரக்குப்பம், கடலூர் என்று எங்காவது போக வேண்டியதுதான். பிறந்து, தவழ்ந்து, சைக்கிள் பழகி, பரீட்சைக்குப் படித்த வீட்டில் அடுத்த மாதம் வேறொரு குடும்பம் இருக்கும். திரும்பிப் போய், "இது எங்க வீடு, கொஞ்சம் பார்த்துட்டுப் போறோம்" என்று கதவைத் தட்டுவதற்கு எத்தனை பேருக்குத் தைரியம் வரும்?

வீடு மட்டுமில்லை. சோவியத் உதவியோடு கட்டி 1962ல் ஓடத் தொடங்கிய முதல் அனல் மின் நிலையம் 2020ல் நிறுத்தப்பட்டது. ஐம்பத்தெட்டு வருடம் ஓடிய நிலையம். சுரங்கம் விரிய விரிய அதற்கு இடம் கொடுத்துவிட்டுப் பெயர்ந்துபோன கிராமங்களோ இன்னும் அதிகம். அங்கே வீடு மட்டுமல்ல, தெருவே இப்போது இல்லை, அந்த இடத்தில் பள்ளம்தான் இருக்கிறது. இப்படிப்பட்ட ஊரில் ஒரு நல்ல கேமராவை ஷோகேசில் பூட்டி வைப்பது அநியாயம்.

உடனே ஒரு கேள்வி வரும். கையில் போன் இருக்கிறதே, அதில் எடுத்தால் ஆகாதா? ஆகும். ஓடுகிற குழந்தையை, இருட்டில் கேக் வெட்டுவதை எல்லாம் போன்தான் நன்றாக எடுக்கும். இதில் சண்டை போட ஒன்றுமில்லை. 'ஃபிலிமுக்கு ஒரு ஃபீல் இருக்கு' என்று உருகுகிறவர்களையும் நம்ப வேண்டாம். அந்த ஃபீலை நகல் எடுக்கும் ஆப்ஸ் டஜன் கணக்கில் இருக்கின்றன. மீடியம் ஃபார்மட் கேமராவின் விசேஷம் வேறு இடத்தில் இருக்கிறது. அதன் ஒவ்வொரு திருகும் ஒரு கேள்வி கேட்கும். பதில் சொல்லாமல் படம் எடுக்க முடியாது. போன் அந்தக் கேள்விகளுக்கெல்லாம் தானே பதில் சொல்லிவிடுகிறது. நெய்வேலி மாதிரி ஊரில் அந்தப் பதில் அடிக்கடி தப்பாகப் போகிறது. அது ஏன் என்பதற்குப் பிறகு வருவோம். முதலில் திருகுகள்.

120 ஃபிலிம் என்பது காகிதத்தோடு சேர்த்துச் சுற்றிய ரோல். கோடாக் 1901ல் கொண்டுவந்தது, இன்றும் கிடைக்கிறது. யாஷிகாவில் ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு சதுரப் படங்கள். ஒவ்வொன்றும் 56 மில்லிமீட்டருக்கு 56 மில்லிமீட்டர். சாதாரண 35 எம்.எம். நெகடிவைப்போல மூன்றரை மடங்குக்கும் மேல் பரப்பு. ஃபிலிம் விலை, கழுவும் கூலி எல்லாம் சேர்த்தால் ஒரு படத்துக்கு நூறு ரூபாயைத் தொட்டுவிடும். அதனால் பன்னிரண்டு என்பது சின்ன எண் இல்லை, யோசித்துச் செலவழிக்க வேண்டிய எண்.

போட்டோகிராஃபி சொல்லிக்கொடுக்கும் பக்கங்கள் எல்லாம் ஐ.எஸ்.ஓ., அபெர்ச்சர், ஷட்டர் என்று முக்கோணம் வரைந்து ஆரம்பிக்கும். இந்த கேமராவுக்கு முக்கோணம் சரிப்படாது. ஃபிலிமைப் போட்ட நிமிடமே ஐ.எஸ்.ஓ. பன்னிரண்டு படத்துக்கும் பூட்டப்பட்டுவிட்டது. மிச்சம் இருப்பது இரண்டே சக்கரம், இரண்டு லென்ஸுக்கும் நடுவில் ஆளுக்கொரு பக்கமாக. ஒன்று துவாரத்தின் அளவு, இன்னொன்று ஷட்டரின் வேகம். திருப்பிய எண்கள் மேலே இருக்கும் சின்ன ஜன்னலில் தெரியும். குனிந்த தலையை நிமிர்த்தாமல் படித்துக்கொள்ளலாம்.

முதலில் துவாரம். பலர் எப்போதும் எஃப் 8ல் வைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். அப்படி வைப்பது பாதுகாப்பாக இருக்கலாம், ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் தப்பிப்பதும் அதுதான். இந்த கேமராவின் 80 எம்.எம். லென்ஸில், இரண்டு மீட்டர் தூரத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டியை எஃப் 3.5ல் எடுத்தால் துல்லியமாக இருக்கும் ஆழம் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர்தான். முகம் இருக்கும், பின்னாலிருக்கும் ஜன்னல் கரைந்து போகும். எஃப் 16க்கு மூடினால் அதே ஆழம் ஒரு மீட்டருக்குப் பக்கத்தில் வரும். பாட்டி மட்டும் வேண்டுமா, பாட்டியோடு அந்த ஜன்னலும் அதில் தொங்கும் காலண்டரும் வேண்டுமா? காலி செய்யப்போகும் வீடென்றால் காலண்டரும் வேண்டும் என்றே பலர் சொல்வார்கள். ஃபேஷன் படம் எடுப்பவர் சொல்லிக்கொடுக்கும் 'பின்னணியைக் கரை' பாடம் இங்கே உதவாது. இங்கே பின்னணிதான் விஷயம்.

வீட்டு வாசலில் குடும்பத்தை நிறுத்தி எடுக்கும் படத்துக்கு ஒரு சௌகரியமான கணக்கு உண்டு. எஃப் 16ல் வைத்து, ஃபோகஸை எட்டு மீட்டரில் நிறுத்தினால், நான்கு மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம்வரை எல்லாம் தெளிவாக இருக்கும். நான்கரை, ஐந்து மீட்டரில் ஆட்கள், பின்னால் வீடு, கதவின் மேல் நம்பர், முற்றத்து முருங்கை, எல்லாம் படத்தில் இருக்கும்.

அடுத்தது வேகம். ஷிப்ட் மாறும் நேரத்தில் சைக்கிளிலும் பைக்கிலும் வருகிறவர்களை உறைய வைக்க வேண்டுமா, கோடாக இழுத்துவிட வேண்டுமா? 500ல் ஒரு பங்கு நொடியில் சைக்கிள் நின்றுவிடும். 15ல் ஒரு பங்கில் சைக்கிள் ஓடும், ரோட்டோர மரங்கள் மட்டும் நிற்கும். இரட்டை லென்ஸ் கேமராவில் துள்ளும் கண்ணாடி கிடையாது. கழுத்துப் பட்டையை இழுத்து முறுக்காகப் பிடித்துக்கொண்டால் 30ல் ஒரு பங்குவரை பழகிய கைக்கு ஆடாது. ஹாசல்பிளாடில் கண்ணாடி எழும்பி அடிக்கும், அங்கே ஸ்டாண்ட் இல்லாமல் இந்த தைரியம் கூடாது. (ஹாசல்பிளாட் 500சி சந்தைக்கு வந்ததும் நேரு நெய்வேலிக்கு வந்த அதே 1957தான்.)

பிறகு ஃபோகஸ். தலையைக் குனிந்து பார்த்தால் தேய்த்த கண்ணாடியில் உலகம் இடம் வலம் மாறித் தெரியும். இடமிருந்து வருகிற பஸ், கண்ணாடியில் வலமிருந்து வரும். துரத்தப்போனால் பஸ் தப்பித்துவிடும். முதல் ரோல் முழுக்க இந்தக் குழப்பம் இருக்கும், இரண்டாவது ரோலில் கை பழகிவிடும். உள்ளே மடங்கியிருக்கும் சின்னப் பூதக்கண்ணாடியை நிமிர்த்தி, கண்ணின் மணியைப் பார்த்து ஃபோகஸ் செய்வதுதான் ஒழுங்கு. பார்க்கிற லென்ஸ் மேலே, படம் எடுக்கிற லென்ஸ் கீழே. அதனால் ஒன்றரை மீட்டருக்குள் போனால் தலைக்கு மேல் கொஞ்சம் தாராளமாக இடம் விட வேண்டும், இல்லாவிட்டால் தலை வெட்டுப்படும்.

இந்தக் குனிதலில் இன்னொரு லாபம் இருக்கிறது. எடுப்பவர் முகத்தை மறைத்துக்கொண்டு ஒற்றைக் கண்ணால் முறைப்பதில்லை. தலை கவிழ்ந்து நிற்கிறார். கேமராவைக் கண்டாலே விறைத்துக்கொள்ளும் பெரியவர்கள் இதன் முன்னால் கொஞ்சம் சும்மா இருக்கிறார்கள். ஷட்டர் சத்தமும் பல்லி சொன்ன அளவுதான்.

கடைசியாகக் கைப்பிடி. முன்னே சுற்றிப் பின்னே கொண்டுவந்தால் ஃபிலிமும் நகரும், ஷட்டரும் தயாராகும். எடுத்த உடனே சுற்றுவதா, எடுக்கப்போகும்போது சுற்றுவதா என்று இரண்டு கட்சிகள் உண்டு. இந்த யாஷிகாவில் எப்படிச் செய்தாலும் இரண்டு படம் ஒன்றன்மேல் ஒன்று விழாது. அந்த ஆபத்து பரோடாவில் தயாரான அக்ஃபா கிளிக் 3ல் இருந்தது. நம் ஊர் நடுத்தர வீடுகளுக்கு மீடியம் ஃபார்மட் என்ற பெயரே தெரியாமல் மீடியம் ஃபார்மட்டைக் கொண்டுவந்தது அந்த டப்பாதான். அதே 120 ஃபிலிம், அதே பன்னிரண்டு சதுரம். பின்னால் சிவப்பு ஜன்னலில் எண் பார்த்துக் கையால் சுற்ற வேண்டும். சுற்ற மறந்தால் மாமா தலையில் தஞ்சாவூர் கோபுரம் முளைக்கும் :-)

இப்போது பாக்கி வைத்த விஷயம். எந்த மீட்டரும், போனில் உள்ளதும் அடிப்படையில் ஒரே அனுமானத்தோடுதான் பிறக்கிறது: எதிரே இருப்பது நடுத்தரச் சாம்பல் நிறம். சராசரி ஊருக்கு அது சரி. நெய்வேலி சராசரி ஊர் இல்லை. கரும்பழுப்பு லிக்னைட், அதன் மேல் இருந்து வெட்டி எடுத்த வெளிறிய மணல் மேடு, உச்சி வெயில், அதில் வெள்ளை வேட்டி. லிக்னைட் குவியலைக் காட்டி அளந்தால் மீட்டர் அதைச் சாம்பலாக்கப் பார்க்கும், அதிக வெளிச்சம் கேட்கும். வேட்டியைக் காட்டி அளந்தால் அதையும் சாம்பலாக்கப் பார்க்கும், வெளிச்சத்தைக் குறைக்கச் சொல்லும். வேட்டி அழுக்காகி, கட்டியிருப்பவர் முகம் கறுத்துப்போகும். கறுத்த முகத்தைப் பிறகு ஸ்கேன் செய்யும்போது இழுத்து வெளுப்பாக்கலாம் என்று நினைத்தால், நெகடிவில் பதியாத இருட்டை யாராலும் கொண்டுவர முடியாது. நெகடிவ் ஃபிலிம் அதிக வெளிச்சத்தை ஓரளவு பொறுத்துக்கொள்ளும், குறைச்சலை மன்னிக்காது. டிஜிட்டலில் இதற்கு நேர் எதிர், வெளுத்தது போனதுதான். போனில் பழகியவர்கள் முதல் ரோலில் இருட்டாக எடுத்துத் தொலைப்பதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம்.

இதில் 124ஜிக்கு ஒரு கூடுதல் சங்கடம். அதன் மீட்டர் பாதரச பேட்டரிக்காகச் செய்தது, 1.35 வோல்ட். அந்த பேட்டரி விற்பனையில் இல்லை. 1.5 வோல்ட் மாத்திரையைப் போட்டால் முள் இல்லாத வெளிச்சத்தை இருப்பதாகக் காட்டும், படம் இருட்டும். ஆகவே முள்ளை மறந்துவிடுவது உத்தமம். வெயிலுக்குப் பழைய சூத்திரமே போதும்: பளிச்சென்ற வெயிலில் எஃப் 16, ஷட்டர் ஏறக்குறைய ஃபிலிமின் ஐ.எஸ்.ஓ. எண். 100 ஃபிலிம் என்றால் எஃப் 16ல் 125ல் ஒரு பங்கு. துவாரத்தை எஃப் 8க்குத் திறந்தால் 500ல் ஒரு பங்கு. அதோடு ஷட்டர் முடிந்தது. அதனால்தான் பகல் வெயிலுக்கு 400 ஃபிலிம் வாங்கக்கூடாது. எஃப் 16லேயே 500ஐத் தொட்டுவிடும், துவாரத்தைத் திறக்க இடமே இருக்காது. மாலைக்கும் வீட்டு ஹாலுக்கும்தான் 400. டவுன்ஷிப் ரோட்டில் மர நிழலுக்குள் வந்துவிட்டால் வெயிலுக்கு மேல் மூன்று நிறுத்தமாவது திறக்க வேண்டும். நிழலும் வெயிலும் புள்ளி புள்ளியாக விழும் இடத்தில் ஆளை நிறுத்தவே வேண்டாம், முகம் சிறுத்தைபோல ஆகிவிடும். சந்தேகம் வந்தால் உள்ளங்கையை ஆள் நிற்கும் அதே வெளிச்சத்தில் நீட்டி போன் மீட்டரால் அளந்து, ஒரு நிறுத்தம் திறந்துகொள்ளலாம். போனுக்கும் வேலை கிடைத்த மாதிரி ஆயிற்று.

இந்த வகை ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் எல்லா வேகத்திலும் ஃபிளாஷ் ஒத்துப்போகும். விலை உயர்ந்த டிஜிட்டல் கேமராக்கள் பலவற்றால் இது முடியாது. உச்சி வெயிலில் ஹெல்மெட் நிழல் கண்ணை மறைக்கும்போது 500ல் ஒரு பங்கிலேயே ஒரு சின்ன ஃபிளாஷ் அடித்துக் கண்ணைத் திறக்கலாம். பக்கத்தில் இருக்கும் எக்ஸ், எம் என்ற நெம்பை மட்டும் எக்ஸில் வைக்க வேண்டும். எம் என்பது வழக்கொழிந்த பல்பு ஃபிளாஷுக்கு; அதில் வைத்தால் ஷட்டர் திறப்பதற்குள் இன்றைய ஃபிளாஷ் அடித்து ஓய்ந்திருக்கும். எம்மில் வைத்து செல்ஃப் டைமரை இழுத்தால் ஷட்டரே பழுதாகலாம்.

சுரங்கத்துக்குள்ளும் மின் நிலையத்துக்குள்ளும் கேமராவோடு போக அனுமதி வேண்டும், வாசலில் மத்திய தொழிற்பாதுகாப்புப் படை நிற்கிறது. பரவாயில்லை. எடுக்க வேண்டியது பெரும்பாலும் வேலிக்கு இந்தப் பக்கம்தான் இருக்கிறது. ராட்சத ஜெர்மன் வெட்டு இயந்திரங்களின் படங்கள் நிறுவனத்தின் ஆவணங்களில் இருக்கும். ஷிப்ட் முடித்து வந்து வாசல்படியில் ஷூவைக் கழற்றும் அப்பாவின் படம் எந்த ஆவணத்திலும் இருக்காது.

நெகடிவ் மட்டும் சாகாவரம் பெற்றதா என்றால் இல்லை. பக்கத்துப் புதுச்சேரியில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்ட உதவியோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோக்களின் படங்களையும் நெகடிவ்களையும் தேடித் தேடி டிஜிட்டல் ஆக்கியிருக்கிறார்கள். தேட வேண்டிய நிலை வந்ததே இடமில்லை என்று பலர் தூக்கிப் போட்டுவிட்டதால்தான். ஊட்டியில் 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிம் தயாரித்த இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸே இன்று இல்லை. ஆனால் அதில் எடுத்த ஒரு நெகடிவ் பிஸ்கட் டின்னில் கிடந்தால், ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாலே யார் என்று தெரிந்துவிடும். அதற்குப் பாஸ்வேர்டு வேண்டாம், பழைய போன் உயிரோடு இருக்க வேண்டியதில்லை.

பீரோவிலிருந்து எடுத்தவுடன் செய்ய வேண்டிய சோதனை எளிது. தோல் உறையை முதலில் கழற்றி எறிய வேண்டும். நம் ஊர் ஈரத்தைப் பிடித்து வைத்துப் பூஞ்சை வளர்ப்பதே அதுதான். ஃபிலிம் இல்லாமல் பின்கதவைத் திறந்து, வெளிச்சத்தைப் பார்த்தபடி ஒவ்வொரு வேகத்தையும் அடித்துப் பார்க்க வேண்டும். ஒரு நொடி, அரை நொடியெல்லாம் பழைய எண்ணெய் இறுகிச் சிக்கிக்கொள்ளலாம். 125க்கு மேல் பெரும்பாலும் ஓடும். அது ஓடினாலே பகல் படங்களுக்குப் போதும், ரிப்பேருக்குக் காத்திருக்க வேண்டாம். ஃபிலிம் போடும்போது காகிதத்தில் உள்ள அம்புக்குறியை உள்ளே இருக்கும் அடையாளத்துக்கு நேராக நிறுத்திவிட்டுக் கதவை மூடி, 1 வந்து நிற்கும்வரை சுற்ற வேண்டும்.

பன்னிரண்டாவது படத்துக்குப் பிறகு ரீவைண்ட் எல்லாம் கிடையாது. காகிதம் முழுக்க மறுபக்கம் போகும்வரை சுற்றி, நிழலில் வைத்துத் திறந்து, தளராமல் இறுக்கிப் பிடித்து, பசைப்பட்டையை நாக்கால் நனைத்து ஒட்ட வேண்டும். கூரியருக்குப் போகும் முன் அதன் மேலேயே பேனாவால் வட்டம் எண், வீட்டு எண், தேதி மூன்றையும் எழுதிவிடுவது நல்லது. சாவியை ஒப்படைத்து இருபது வருடம் கழித்து அந்த டின்னைத் திறக்கிறவருக்கு வீட்டு நம்பர் நினைவிருக்காது.